ஒட்டி மறைத்த சொல்

பணிமனையில் அவரை எல்லோரும் மலைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தது, வளர்ந்தது, வீடு எடுத்தது எல்லாம் கீழே சமவெளியில்தான். ஆனால் டிரைவராகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மலைப் பாதைக்குப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அவரைக் கீழே இறக்கிவிட யாருக்கும் மனசும் வரவில்லை, மாற்றுக்கு ஆளும் கிடைக்கவில்லை. காலையில் ஏற்றம், மத்தியானம் இறக்கம், சாயங்காலத்துக்குள் இன்னொரு தடவை அதே கதை. மலை அழகாக இருக்குமாமே என்று யாராவது கேட்டால், "ரோட்டப் பார்க்கவே கண்ணு பத்தல, இதுல மலைய எங்க பார்க்கறது?" என்பார்.

ஐம்பதைத் தாண்டியாயிற்று. வலது முழங்கால் தனக்கென்று ஒரு குணத்தோடு நடந்துகொள்ள ஆரம்பித்திருந்தது. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுகூட அந்தக் கால் எதையோ மிதித்துக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு. மனைவிக்கும் அதே பாடுதான். அவள் ஒரு மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு வேலை பார்ப்பவள். சாயங்காலம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால், யார் முதலில் எழுந்து டீ போடுவது என்பதில் சத்தமில்லாமல் ஒரு போட்டி நடக்கும். பெரும்பாலும் இருவரும் தோற்றுப்போவார்கள். கடைசியில் மகள்தான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.

மகளை மைனா என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் யார் எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு திருப்பித் திருப்பிச் சொல்வாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது வயது இருபதுகளின் நடுவில். ஊரின் ஒரே பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. துவைத்து வந்த விரிப்புகளை மடிப்பாள். தள்ளுவண்டியில் வைத்து வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கட்டில்களுக்கு மாற்றிப் போடுவாள். மெதுவாகத்தான் செய்வாள். நாலு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஒரு துணியைக் கீழே வைக்கமாட்டாள். யாராவது "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினால் மடித்ததைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஆகவே சலவைப் பிரிவில் அவளை அவசரப்படுத்துவதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் மலைப் பாதைக்குப் புது பஸ்கள் வந்தன. வண்டியோடு கூடவே டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் என்ஜினியரும் வந்தார். பணிமனையின் கூட்ட அறையில் எல்லோரையும் உட்காரவைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கம் புதிதாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

"இதுக்கு ரிடார்டர்னு பேரு. ரிடார்ட்னா மெதுவாக்கறது, தாமதப்படுத்தறது. இது சக்கரத்தப் பிடிக்காது. சக்கரத்துக்குப் போற இரும்புத் தண்டையே இழுத்துப் பிடிக்கும். இறக்கத்துல இதப் போட்டுட்டா பிரேக் சூடாகாது, உங்க காலுக்கும் ஓய்வு."

மலைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"கார்ல தீப்பொறி கொஞ்சம் பிந்தி விழற மாதிரி வைக்கிறதையும் ரிடார்ட் பண்றதுன்னுதான் மெக்கானிக் சொல்வாரு," என்று என்ஜினியர் தொடர்ந்தார். "கான்கிரீட் லாரியிலேயே இறுகிடாம இருக்க ஒரு மருந்து கலப்பாங்க, அதுவும் ரிடார்டர்தான். திரைச்சீலைல தீ சட்டுனு பரவாம இருக்கப் பூசறதுக்கும் இந்த வார்த்தை வரும். எங்கெல்லாம் ஒண்ணு வேகமா நடந்தா ஆபத்தோ, அங்கெல்லாம் இது இருக்கும்."

பின்வரிசையில் இருந்த ஒரு டிரைவர் கையைத் தூக்கினார். பருத்த உடம்பு, பீப்பாய் என்று பட்டப்பெயர். "மேடம், என் மச்சான் ஒருத்தனையும் இப்படித்தான் சொல்றாங்க. அவனப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போனா வண்டி இறக்கத்துல நிக்குமா?"

அறையே சிரித்தது. என்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. "மனுஷங்களுக்கு அந்த வார்த்தையச் சொல்றதில்ல. சொல்லவும் கூடாது," என்று சொல்லிவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போனார். ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. யாரோ பக்கத்திலிருந்தவரை விலாவில் இடித்து, "யோவ் ரிடார்டு, தள்ளி உட்காருய்யா" என்றார். இன்னொருவர் அதையே வேறு மாதிரி திருப்பிச் சொன்னார்.

மலைக்காரர் எழுந்து வெளியே போனார். வண்டி கழுவும் இடத்தில் இருக்கும் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி உள்ளே போனபோது பாடம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சொல்லை அவர் முதன்முதலில் கேட்டது மைனா இன்னும் சரியாகப் பேச ஆரம்பிக்காதபோது. அன்று பார்த்த டாக்டர் தலையை நிமிர்த்தாமலே எழுதிக்கொண்டு, "மென்டலி ரிடார்டட்" என்றார். மனைவி "அப்படின்னா?" என்று கேட்டாள். "வயசுக்கேத்த வளர்ச்சி இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் மலைக்காரர் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தார். ஏதோ வியாதியின் பெயர் என்று நினைத்து, அதற்கு என்ன மருந்து என்று கடையில் கேட்கவும் செய்தார். கடைக்காரர் அவரையும் தோளில் தூங்கிய குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதுக்கெல்லாம் மருந்து இல்லீங்க" என்றார்.

அப்புறம் அந்தச் சொல் அவர்களுக்கு முன்னால் முன்னால் போய் எல்லா வாசலிலும் நின்றது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் அங்கே நின்றது. தெருவில் பிள்ளைகள் அதைப் பாதியாக வெட்டி, கல்லை எறிவது மாதிரி எறிந்தார்கள். வருஷங்கள் கழித்து வேறொரு டாக்டர், நல்ல மனிதர், "அந்த வார்த்தைய இப்ப நாங்க எடுத்துட்டோம், வேற பேரு வச்சிருக்கோம்" என்று சொன்னார். மலைக்காரருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த உத்தரவு தெருவுக்கு வந்து சேரவே இல்லை.

புது வண்டியை ஓட்ட ஆரம்பித்த முதல் சாயங்காலமே அது நடந்தது. இறக்கத்தில் வெளிச்சம் மங்க, முன்பலகையில் விளக்குகள் எரிந்தன. கம்பிக்கு நேர் மேலே, பச்சை வெளிச்சத்தில் அந்த ஆங்கில எழுத்துகள். அதற்குக் கீழே கம்பியை எத்தனை படி இழுக்கலாம் என்று எண்கள், ஒரு மழைத்துளிப் படம், அதன் மேல் சிவப்பில் ஒரு குறுக்குக்கோடு. வளைவுக்கு வளைவு அந்தச் சொல் அவரைப் பார்த்துக்கொண்டே கூட வந்தது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில்தான் வேகம் காட்டும் முள் இருந்தது.

மறுநாள் காலை மின்சாரப் பிரிவில் கொஞ்சம் கறுப்பு டேப் வாங்கி வந்து அதன் மேல் ஒட்டினார். எழுத்து, எண், மழைத்துளி எல்லாம் சேர்ந்தே மறைந்தன.

"என்னண்ணே ஒட்டறீங்க?" என்றார் கண்டக்டர்.

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

கண்டக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், கம்பி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஓட்டி ஓட்டிக் கையே அதைப் படித்துக்கொண்டது. ஒரு படி இழுத்தால் வண்டி மூச்சை அடக்குவதுபோல் இலேசாகத் தயங்கும். இன்னொரு படி இழுத்தால் முழு வண்டியும் யாரோ இடுப்பைப் பிடித்துக்கொண்ட மாதிரி நிதானப்படும். மழை நாளில் அதை அதிகம் இழுக்கக் கூடாது என்பதும் ஒரு தடவை பின்சக்கரம் வழுக்கியதில் தானாகவே தெரிந்துவிட்டது. முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. வீட்டுக்கு வந்து தானே டீ போட்ட நாள்கூட உண்டு. மனைவி சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன, ஏதாவது தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்களா?"

மழைக்காலம் தொடங்கியபோது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. மாற்றுக்கு, ஊருக்குள் பழைய வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை அனுப்பினார்கள். ஒல்லியாக, உயரமாக இருப்பார். ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்கள். பயிற்சி நடந்த அன்று அவருக்கு வேறு ஷிப்ட் இருந்ததால் வகுப்புக்கு வரவில்லை. "கியரும் காலும் இருந்தா எந்த வண்டியும் ஓடும்" என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். மழையில்லாத வரைக்கும் அப்படித்தான் ஓடியது.

ஒரு மத்தியானம் இறக்கத்தில் பாதி வழி வந்தபோது மழை கொட்ட ஆரம்பித்தது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ஒட்டடைக்குச்சி ஓட்டிப் பழகிய பழைய வண்டிகளில் வைப்பருக்கு முன்பலகையில் ஒரு குமிழ்தான் இருக்கும். அதைத் தேடிக் கை துழாவியது. அந்த இடத்தில் குமிழ் இல்லை. வலது பக்கம் ஒரு கம்பி, அதற்கு மேலே கறுப்பு டேப், பெயரில்லை, எண்ணில்லை. இதுதான் வைப்பராக இருக்கும் என்று கடைசி வரைக்கும் இழுத்தார். ஈர ரோட்டில் பின்சக்கரங்கள் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ள, வண்டியின் பின்பாதி சுழன்று பாறைப் பக்கமாகப் போய் மோதியது. பயணிகள் சிலருக்கு நெற்றி வீங்கியது. கண்டக்டருக்கு மணிக்கட்டு பிசகியது. கதவோரம் தூக்கி எறியப்பட்ட ஒட்டடைக்குச்சிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வண்டி இந்தப் பக்கம் சுழலாமல் அந்தப் பக்கம் சுழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கண்டக்டர்தான் போன் பண்ணினார். "அண்ணே, நம்ம வண்டி அடிபட்டுடுச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்ல யாருக்கும்." கூடவே, "பாவம், அவரு வைப்பர்னு நினைச்சு அந்தக் கம்பிய இழுத்துட்டாரு" என்றார்.

மலைக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே படுத்திருந்தார். இடுப்பு வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மறுநாள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து பணிமனைக்குப் போனார். இழுத்து வந்து நிறுத்தியிருந்த வண்டியில் என்ஜினியர் ஏறி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பணிமனை மேலாளர். என்ஜினியர் நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பி மெல்ல உரித்தார்.

"இத யாரு ஒட்டினது?"

"நான்தான் மேடம்."

"ஏன்?"

"வெளிச்சம் கண்ணுல அடிச்சுது."

அவர் குனிந்து, முன்பலகையின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் குமிழைத் திருகிக் காட்டினார். பச்சை வெளிச்சம் மங்கியது. "அதுக்குத்தான் இது இருக்கே. வகுப்புல சொன்னேனே."

"நான் அப்ப வெளிய போயிருந்தேன்."

என்ஜினியர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. மேலாளர் குறுக்கே வந்து, "விடுங்க மேடம், டேப் ஒரு பெரிய விஷயமா? எது வைப்பர், எது பிரேக்குன்னு பார்க்காம இழுத்தது அந்த ஆளோட கவனக்குறைவு. விசாரணைல அப்படியே எழுதிடலாம்" என்றார். மேலாளருக்கு அது சுலபமான வழி. பயிற்சி இல்லாத ஆளை ஏன் மலைக்கு அனுப்பினாய் என்ற கேள்வியும் அதில் அமுங்கிப்போகும். மலைக்காரர் வந்த மாதிரியே சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். வெளிச்சம் கண்ணில் அடித்ததையும் சேர்த்துச் சொன்னார்.

"வெளிச்சமா?" என்றாள்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

 அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. காலை வெந்நீரிலிருந்து எடுத்துத் துணியில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே பேசினாள்.

"எங்க கடையில அது எத்தன டப்பாவுல இருக்கு தெரியுமா? மாத்திரை பேருக்குப் பின்னாடி ரிடார்ட்னு போட்டிருக்கும். வயித்துல மெதுவா கரையற மாத்திரை, அதனால. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருத்தர் வந்து அதக் கேட்டாரு. இல்லன்னு சொல்லி அனுப்பிடலாமான்னு தோணுச்சு. ஆனா அவருக்கு மூச்சு வாங்குது, கவுன்டரப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. எடுத்துக் கொடுத்தேன். அதுக்கப்புறம் தினமும் எடுத்துக் கொடுக்கறேன். டேப் ஒட்டிக்கிட்டா நிக்க முடியும்?"

"நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீங்க சொன்னீங்களா?"

 வெந்நீர் ஆறிப்போயிருந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரே பாரத்தை ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

"போய் அந்த ஆளப் பாருங்க," என்றாள் அவள்.

"மைனா அங்க இருப்பா."

"இருக்கட்டும்."

எலும்பு முறிவு வார்டில், ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒட்டடைக்குச்சி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையும் தோளும் சேர்த்துக் கட்டியிருந்தது. கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மைனா பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள், வேலையை நிறுத்தவில்லை.

"வாங்கண்ணே," என்றார் ஒட்டடைக்குச்சி. "இது உங்க பொண்ணாமே. காலையிலயே வந்து, 'எங்கப்பா வண்டியப் போட்டு உடைச்சது நீங்கதானா'ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். தலகாணி உறைய மாத்திட்டுப் போச்சு."

மலைக்காரர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இடுப்பு சுரீரென்றது. "வலி எப்படி இருக்கு?"

"மாத்திரை போட்டா கேக்குது. மாத்திரை தீர்ந்தா வலி இன்னொண்ணு கேக்குது." சிரிக்கப் பார்த்து, தோள் இழுத்ததால் நிறுத்திக்கொண்டார். "வேலையப் பத்திதான் கவலையா இருக்கு. கவனக்குறைவுன்னு எழுதப் போறாங்களாம். எனக்கே கூசுதுண்ணே. வைப்பருக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு ஊரே சொல்லும்."

"உங்க மேல தப்பில்ல. அந்த டேப்ப ஒட்டினது நான்."

ஒட்டடைக்குச்சி அவரையே பார்த்தார். "எழுத்து அழிஞ்சு போச்சுன்னு ஒட்டியிருப்பாங்கன்னு நினைச்சேன். நீங்க எதுக்கு ஒட்டினீங்க?"

மலைக்காரர் ஒருதரம் மகள் பக்கம் பார்த்தார். அவள் விரிப்பின் மூலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் கண்ணில் அடித்த கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கட்டுப்போட்ட தோளுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"அதுல ரிடார்டர்னு எழுதியிருந்துச்சு. அந்த வார்த்தையத் தினமும் பார்க்க முடியல. மறைச்சிட்டேன்."

வார்டில் யாரோ இருமினார்கள். ஒட்டடைக்குச்சிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மைனாவைப் பார்த்தார், உடனே பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார்.

மைனா விரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ரிடார்டர்," என்று சொல்லிப் பார்த்தாள். "அது என்னைச் சொல்றதுதானே?"

"இல்லம்மா. அது வண்டில இருக்கற ஒரு கம்பி. இறக்கத்துல வண்டிய மெதுவாக்கும்."

"கம்பிக்கு அந்தப் பேரா?"

"ஆமா."

அவள் யோசித்தாள். அவள் யோசிப்பதற்கு நேரம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது பழக்கம். ஒட்டடைக்குச்சியும் எப்படியோ காத்திருந்தார்.

"எனக்கும் அந்த வார்த்த பிடிக்காது," என்றாள். "ஆனா இந்த அண்ணனுக்கு எது கம்பின்னு தெரியாதுல்ல. நீ ஒட்டிட்டு சொல்லியிருக்கணும்."

"ஆமாம்மா. சொல்லியிருக்கணும்."

"கால எடுங்க," என்றாள் ஒட்டடைக்குச்சியிடம். "உங்க விரிப்பு மாத்தணும்."

அவர் காலை எடுத்தார். உட்கார்ந்தபடியே ஒருபக்கமாக நகர்ந்து நகர்ந்து இடம் கொடுக்க, அவள் பழையதை உருவிப் புதியதை விரித்தாள். ரொம்ப நேரம் ஆயிற்று. அது முடிந்து அவள் தள்ளுவண்டியோடு அடுத்த வார்டுக்குப் போன பிறகுதான் ஒட்டடைக்குச்சி பேசினார்.

"அண்ணே, உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். வண்டி நிறைய ஜனம் இருந்துச்சு. பச்சக் குழந்த ஒண்ணு இருந்துச்சு."

"தெரியும்."

"விசாரணைல சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"இதையேவா? இந்தக் காரணத்தையா?"

"வேற காரணம் இல்லையே."

விசாரணை மேலாளரின் அறையில் நடந்தது. மலைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். எழுந்து வெளியே போனதைச் சொன்னார், குழாயடியில் நின்றதைச் சொன்னார், வெளிச்சம் என்று பொய் சொன்னதையும் சொன்னார். மேலாளர் இரண்டு கையாலும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய சுலபமான வழி அடைபட்டுவிட்டது. "ஒரு வார்த்தைக்காகவாய்யா?" என்றார். திட்டுகிற குரலில்லை, நிஜமாகவே புரியாத குரல்.

 என்ஜினியர் தன் பங்குக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "பாதி டிரைவருக்குப் படிக்க வராத மொழில மட்டும் எழுதி வச்சது எங்க தப்பு. பயிற்சி இல்லாதவர மலைக்கு அனுப்பினது உங்க தப்பு. இவர் பண்ணினது இவர் தப்பு. மூணையும் எழுதுங்க."

மூன்றும் எழுதப்பட்டன. ஒட்டடைக்குச்சியின் மேல் பழி விழவில்லை. மலைக்காரரைச் சில மாதங்கள் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். திரும்பச் சேரும்போது மலைப் பாதை கிடையாது, ஊருக்குள் சுற்றும் வண்டிதான் என்றும் தீர்மானமாயிற்று. அவர் தலையாட்டினார். இத்தனை வருஷம் கேட்டும் கிடைக்காத மாற்றல் இப்படியா வரவேண்டும் என்று கண்டக்டர்தான் வருத்தப்பட்டார்.

வெளியே வந்தபோது பீப்பாய் வழிமறித்தார். விஷயம் அதற்குள் பணிமனை முழுக்கப் பரவியிருந்தது.

"அண்ணே, அன்னிக்கு வகுப்புல நான் பேசினது... வீட்டுல இப்படின்னு எனக்குத் தெரியாதுண்ணே."

"உன் மச்சான் எப்படியிருக்கான்?"

பீப்பாய் தரையைப் பார்த்தார். "அப்படி மச்சான் யாரும் இல்லண்ணே. சும்மா சிரிக்கறதுக்குச் சொன்னேன்."

இல்லாத ஒரு மச்சானின் பேரில் அந்த அறையே சிரித்திருக்கிறது. மலைக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே. "சரி, போ" என்று பீப்பாயின் தோளைத் தொட்டுவிட்டு நடந்தார்.

வேலையில்லாமல் வீட்டில் இருந்த மாதங்களில் அவர் நிறையத் தூங்கினார். மனைவி கடைக்குப் போனதும் தூங்குவார். மத்தியானம் எழுந்து வீட்டைப் பெருக்கிவிட்டு மறுபடி தூங்குவார். வருஷக்கணக்கில் பாக்கி இருந்த தூக்கம். இடையில் ஒருநாள் என்ஜினியர் போன் பண்ணினார். கம்பிக்கு நம் மொழியில் பெயர் எழுதி ஒட்டப் போகிறார்களாம், என்ன போடலாம் என்று கேட்டார். ஓட்டுகிற டிரைவர்களையே கேளுங்கள் என்றார் இவர். அவர்கள் ஆளாளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை போட்டு, கடைசியில் 'இறக்க பிரேக்' என்று முடிவானதாம். மழையில் இழுக்காதே என்று கீழே பெரிதாகப் போட்டிருக்கிறார்களாம். சிலர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள் என்றும் என்ஜினியர் சொன்னார். சொல்லட்டும் என்றார் மலைக்காரர். அது அந்தக் கம்பியின் பெயர்தானே.

மைனா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரே ஒரு தடவை, டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாரு, கை இன்னும் மேல தூக்க வரலியாம்" என்றாள். அவர் டம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். குடிக்க மனசு வரவில்லை.

ஊர் வண்டி ஓட்ட ஆரம்பித்தபோது அவருக்கு முதலில் எதுவுமே பிடிபடவில்லை. மலையில் வளைவைத்தான் பார்க்க வேண்டும், இங்கே மனிதர்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் கை காட்டுவார்கள். ஓடி வருவார்கள், ஏறிய பிறகு இது அந்தப் பக்கம் போகாதா என்று கேட்டு இறங்குவார்கள். முழங்கால் பழையபடி முனக ஆரம்பித்தது. இந்தப் பழைய வண்டியில் அந்த இறக்க பிரேக் கம்பி கிடையாது.

மைனா காலையில் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் ஏறுவாள். மற்றவர்கள் ஏறும்வரை ஒதுங்கி நின்று கடைசியில் ஏறுவாள். அப்பாவின் பக்கத்தில் வந்து நிற்கமாட்டாள். நடுவில் ஏதாவது ஜன்னல் ஓரம் இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். டிரைவரோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று வண்டியில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள். எழுதியிருந்தால் அவள் அதை மீறமாட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். மைனா எழுந்து, உட்கார்ந்த இடத்தில் ஏதாவது விட்டுவிட்டோமா என்று பார்த்து, பையைத் தோளில் மாட்டி, கைப்பிடியைப் பிடித்துப் படிக்கு வந்தாள். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. முன்சீட்டில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வண்டிய எடுங்க சார், ஆபீசுக்கு நேரமாகுது" என்றார்.

"இறங்கறாங்க," என்றார் மலைக்காரர், பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல்.

அவள் ஒவ்வொரு படியாக இறங்கித் தரையில் இரண்டு காலையும் சேர்த்து வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டி உள்ளே போனாள். அவர் கதவை மூடி, கண்ணாடியைப் பார்த்து, வண்டியை எடுத்தார். அடுத்த நிறுத்தத்தில் நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.